ஐந்தாவது கேள்வி

ரோஸியை ஏமாற்றி ஒரு திருகாணியைக்கூட உள்ளே அனுப்ப முடியாது என்று பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பேர். தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி அது. வெளியிலிருந்து வரும் பாகங்களை வாசலிலேயே அளந்து பார்த்து, சரியானதை எடுப்பதும் சரியில்லாததைத் திருப்புவதும் பதினாலு வருஷமாக அவள் வேலை. தீபாவளிக்கு ஒரு சப்ளையர் கொடுத்த முந்திரிப் பெட்டியைக்கூட வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றியவள். அப்பேர்ப்பட்டவளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம், ஒரு காகிதம்.

காகிதம் ஒன்றும் பெரிசில்லை. லஞ்சமும் முறைகேடும் நடக்காமலிருக்க இந்த வருஷம் கம்பெனி செய்த ஏற்பாடு. ஒரு மணி நேர வகுப்பு, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், கடைசியில் ஆளுக்கொரு படிவம். பரிசு வாங்கியதுண்டா? இல்லை. யாருக்காவது சலுகை காட்டியதுண்டா? இல்லை. மளமளவென்று டிக் போட்டுக்கொண்டு வந்தவள் ஐந்தாவது கேள்வியில் நின்றுவிட்டாள். 'நமக்குப் பொருள் தரும் நிறுவனங்களில் வேலை செய்யும் யாருடனாவது உங்களுக்கு உறவோ நெருக்கமான பழக்கமோ உண்டா?'

தனக்கோடியின் முகம் வந்து நின்றது.

பீனியாவிலிருந்து பித்தளை வளையங்கள் ஏற்றிவரும் குட்டியானை வண்டியின் டிரைவர். ஸ்ரீராம்புரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ரோஸிக்கு நாற்பத்தேழு. தங்கவயலில் அப்பா வேலை பார்த்த சுரங்கத்தை மூடிய பிறகு தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் அவள் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளியே நின்றுபோனது. இந்த இரண்டு பேரும் அப்படி என்னத்தைப் பழகிவிட்டார்கள்? சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை. அவர் "மேடம்" என்பார், இவள் "டிரைவர்" என்பாள். அவளுக்கு முழங்கால் வலி என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டு, மற்றவர்கள் தரையில் தள்ளிவிட்டுப் போகும் பெட்டிகளை அவர் மட்டும் மேசைமேல் தூக்கி வைப்பார். அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு படிவத்தில் எழுதுவார்களா?

'இல்லை' என்றே போட்டிருப்பாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் போடவிடவில்லை. அன்று அவர் கொண்டுவந்த வளையங்கள் அளவில் மயிரிழை அதிகம். திருப்பினால் மனுஷன் ஓசூர் ரோட்டு நெரிசலில் மறுபடி ஊரின் மறுகோடியிலிருக்கும் பீனியா வரை போகவேண்டும். காய்ச்சலில் வேறு இருமிக்கொண்டிருந்தார். சரக்கைத் திருப்பும்போது ஒட்டுகிற சிவப்புச் சீட்டை எடுத்த ரோஸியின் கை அந்தரத்தில் நின்றது. ஐந்து நொடி இருக்கும். பிறகு ஒட்டிவிட்டாள். பதினாலு வருஷத்தில் நிற்காத கை.

'ஆம்' என்று போட்டால் வாசலிலிருந்து மாற்றிவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் பார்க்கிற முகமும் போய்விடும். அந்த இரண்டு நாளுக்காகத்தான் கம்பெனிக் கோட்டுக்குள் மறைந்துபோகும் புடவைக்கும் அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் மனசில் ஒன்றுமே இல்லையென்றால் மானம் வேறு கப்பலேறும்.

வெள்ளிக்கிழமை காலை 'ஆம்' என்று டிக் போட்டாள். 'விவரம்' என்ற இடத்தில், 'டிரைவர் தனக்கோடி. எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்குத் தெரியாது' என்று எழுதி மைதிலியிடம் கொடுத்தாள். இந்த ஏற்பாட்டையெல்லாம் பார்த்துக்கொள்ளும் சின்ன வயசு அதிகாரி மைதிலி. படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இத எழுதாம விட்டிருந்தா யாருக்குக்கா தெரிஞ்சிருக்கும்?"

"என் கைக்குத் தெரியும் மேடம்."

"இது என்னோட இருக்கும். ஆனா திங்கக்கிழமைலருந்து உங்களப் பின்னாடி ஷெட்டுக்கு மாத்தணும்."

"தெரிஞ்சிதான் குடுத்தேன்," என்றாள் ரோஸி.

பின்பக்க ஷெட்டுக்குச் சப்ளையர் வண்டி எதுவும் வராது. வாசலில் குட்டியானையின் ஹார்ன் மட்டும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. இந்த வயசில் இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டி என்ன பிரயோஜனம், அடுத்த ஹார்னுக்கும் காது காத்துக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் வாரம், ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே தனக்கோடி வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். கையில் அதே படிவம்.

"சப்ளையர் ஆளுங்களும் எழுதணும்னு எங்களுக்கும் குடுத்துட்டாங்க மேடம். அஞ்சாவதுக்கு 'ஆம்'னு போட்டேன். விவரம் எழுதலன்னு அந்த மைதிலி மேடம் திருப்பிட்டாங்க. உங்களக் கேக்காம இன்னான்னு எழுதுவேன்?"

ரோஸி படிவத்தை எட்டிப் பார்த்தாள். "எதுக்கு 'ஆம்'னு போட்டீங்க?"

"அன்னிக்கி எனக்காவ உங்க கை நின்னுச்சு. பாத்தேன். அப்பறமும் சீட்ட ஒட்டினீங்களே, அதையும் பாத்தேன். பீனியா போற வரிக்கும் அதான் நெனப்பு. இப்பிடி ஒரு ஆள் கூட இருந்தா நல்லாருக்குமேன்னு." படிவத்தை நீட்டி, "தப்புன்னா 'இல்ல'ன்னு மாத்திடறேன்," என்றார்.

"பொய் எழுதக் கூடாது," என்றாள் ரோஸி. காகிதத்தை வாங்கி வண்டியின் பின்பலகைமேல் வைத்து, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்தாள். 'நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம்' என்று எழுதினாள். கை எங்கேயும் நிற்கவில்லை.