பொம்பிளைப் பகுதி

சிவாஜினியின் செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வந்தது. யோகராணி ஸ்பிரிங்வேல் சந்தையிலிருந்து மீனும் வல்லாரையும் வாங்கிவந்து குசினி மேசையில் வைத்துவிட்டு, கை கழுவுவதற்கு முன்பே போனை எடுத்துப் பார்த்தாள். மூன்று ஹோட்டல்களின் படங்கள் வந்திருந்தன. அவற்றுக்குக் கீழே சிவாஜினி தமிழில் எழுதியிருந்தாள்.

"மாமி, கலியாணத்தை செப்டெம்பரில வைக்கிறம். ஸ்கொட்லாந்தில ஐலா எண்டு ஒரு தீவு, கேலமின்ர ஊர் அது. இந்த மூண்டும் அங்க இருக்கிற சின்ன ஹோட்டல்கள். எதை எடுத்தாலும் முழு ஹோட்டலும் எங்களுக்குத்தான். எது நல்லது எண்டு நீங்களும் மாமாவும் பாத்துச் சொல்லுங்கோ. பொம்பிளைப் பகுதிதானே இடம் பாக்கிறது. எனக்குப் பொம்பிளைப் பகுதி எண்டு வேற ஆர் இருக்கினம்?"

யோகராணி அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு முன்னறைக்குப் போய்க் கணவரிடம் போனை நீட்டினாள். ஆனந்தராஜா மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார். வாசித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ர மகன்ர மனிசிக்கு நான் கலியாண வீடு பாக்கிறதோ?" என்றார். "அவவுக்கு எங்களை நக்கலடிக்க வேற நேரம் கிடைக்கேல்லையே?"

"நக்கலில்லையப்பா. அந்தப் பிள்ளை மனசாரத்தான் கேக்குது."

"அப்ப நீர் பாரும். என்னைக் கூப்பிட வேண்டாம்."

கபிலன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. சாவகச்சேரியிலிருந்து சிவாஜினியைப் பெண் எடுத்து வந்து, தாங்கள் குடியேறிய இந்த நாட்டின் கரம் டவுன்ஸ் கோயிலில் தாலி கட்டினார்கள். ஆறு வருடம் கழித்து அவனுக்குத் தலைக்குள் கட்டி வந்தது. முப்பத்தைந்தாவது பிறந்த நாளை ஆஸ்பத்திரியில் கொண்டாடி, அடுத்த மாதம் போய்விட்டான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. சிவாஜினி வேறு வீடு பார்க்கவில்லை. தாதி வேலைக்குப் போய் வந்து, இவர்களோடேயே இருந்தாள். ஆனந்தராஜாவுக்குச் சீனி வியாதி மருந்து எடுத்து வைப்பதும், வெள்ளிக்கிழமைகளில் யோகராணியைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதும் அவள்தான். வீட்டில் மகன் இல்லை என்பதை ஆனந்தராஜா ஓரளவு தாங்கிக்கொண்டதே மருமகள் இருந்தபடியால்தான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் கிளாஸ்கோவில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்து, கிடைத்து, போய்விட்டாள். புறப்படும் நாளில் ஆனந்தராஜாவின் காலில் விழுந்து கும்பிட்டாள். அவர் வழியனுப்ப வாசலுக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு யோகராணிதான் அவளோடு போனில் கதைப்பாள். "மாமா எப்பிடி?" என்று அவள் கேட்பது பின்னால் இருக்கும் ஆனந்தராஜாவுக்கும் கேட்கும். "இருக்கிறார்" என்று யோகராணி சொல்வாள்.

கேலமைப் பற்றிச் சிவாஜினி போன வருடம் சொன்னாள். ஐலாவில் பிறந்தவன், கிளாஸ்கோவில் பள்ளிக்கூட ஆசிரியர். யோகராணி, "நல்லது பிள்ளை" என்றாள். ஆனந்தராஜா எழுந்து தோட்டத்துக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யோகராணி தனியாகத்தான் ஹோட்டல் பார்த்தாள். சமையல் முடிந்ததும் டப்லெட்டோடு கதிரையில் உட்காருவாள். முதலாவது கோட்டை மாதிரி இருந்தது. சுவர் எங்கும் மான் கொம்புகள். இரண்டாவது கடற்கரையோரம் ஒரு வெள்ளை வீடு. ஒவ்வொரு அறையிலும் வேறு நிறத் திரைச்சீலை, கணப்பு அடுப்பு, தலையணைமேல் ஒரு காட்டுப் பூ. பூட்டீக் ஹோட்டல் என்றால் இதுதான் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூன்றாவது ஒரு பழைய பள்ளிக்கூடம். அதைத் திருத்தி ஹோட்டலாக்கியிருந்தார்கள். உயரமான ஜன்னல்கள், வெளியே புல்வெளி, ஆடுகள். படங்கள் சரியாக எடுக்கப்படவில்லை. அவளுக்கு வெள்ளை வீடு பிடித்தது. ஆனால் தனியாக முடிவு சொல்ல மனம் வரவில்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"படிகள் இருக்குமோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோவன். உங்கட முழங்காலுக்கு…"

"நான் வந்தால்தானே முழங்கால்?"

"வராமல்? அவளின்ர தாய்க்கு ரெண்டு தரம் கேட்டும் விசா கிடைக்கேல்லை. தகப்பன் இல்லை. அங்க அந்தப் பிள்ளை தனிய நிக்கிறதோ?"

"தனிய நிக்க விருப்பப்பட்டுத்தானே போனவ." அவர் குரல் உயர்ந்தது. "நான் என்ன குறை வைச்சனான் ராணி? சொல்லும். மகள் மாதிரித்தானே வைச்சிருந்தனான். எங்களை விட்டிட்டு அவ்வளவு தூரம் போக அவவுக்கு எப்பிடி மனம் வந்தது?"

யோகராணி சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவளுக்கு மனம் வரேல்லை. நான்தான் போகச் சொன்னனான்."

ஆனந்தராஜா அவளைப் பார்த்தார்.

"ஒரு நாள் கோயிலால வந்து பாக்கிறன், கபிலன்ர சேட்டுகளை அயன் பண்ணிக்கொண்டு நிக்கிறாள். போட ஆளில்லாத சேட்டு. ரெண்டு வருசமா ஒவ்வொரு மாசமும் எடுத்துத் தோய்ச்சு, அயன் பண்ணி, திருப்பி வைக்கிறாளாம். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. அண்டைக்கே சொன்னனான், பிள்ளை, இந்த வீட்டில இருந்தால் நீயும் செத்துப்போவாய், எங்கயாவது தூரமாப் போ எண்டு. மாமா என்ன சொல்லுவாரோ எண்டு அழுதவள். மாமாவை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பீங்களோ?"

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். இத்தனை நாளும் சிவாஜினிமேல் இருந்த கோபத்தை மனைவிமேல் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சேட்டுகள் ஒழுங்காக மடித்து அலுமாரியில் இருப்பதை அவரும் பார்த்திருக்கிறார். பார்த்து, மருமகள் மகனை மறக்கவில்லை என்று மனம் நிறைந்திருக்கிறார். அது அவளை என்ன செய்திருக்கும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

மறுநாள் பின்னேரம் அவர் தேத்தண்ணி குடித்து முடித்ததும், "அந்த டப்லெட்டை எடும்" என்றார்.

ஓய்வு பெறும்வரை நகரசபையில் வடிகால் பொறியாளராக இருந்தவர் அவர். ஹோட்டல்காரர்கள் போட்ட படங்களை அவர் பார்க்கவே இல்லை. வரைபடத்தைத் திறந்து, மேலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு இடத்தையும் பெரிதாக்கினார். கோட்டைக்குப் போகும் பாதை ஒற்றையடிப் பாதை போலக் கிடந்தது. மழை பெய்தால் கார் போகாது என்றார். அது ஒருவகையில் யோகராணிக்கும் நிம்மதி. கொம்புகள் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளை வீட்டைப் பெரிதாக்கியபோது அவர் கை நின்றது.

"இஞ்ச பாரும். பக்கத்தில என்ன தெரியுது?"

யோகராணி குனிந்து பார்த்தாள். தாழ்ந்த மதில் ஒன்று. அதற்குள் வரிசை வரிசையாகச் சாம்பல் நிறக் கற்கள்.

"சுடலை," என்றார் ஆனந்தராஜா. "அவையின்ர சுடலை. சாப்பாட்டு மண்டபத்து ஜன்னல் எல்லாம் அந்தப் பக்கமாத்தான் இருக்கும்."

"சிவாஜினி பாக்காமல் அனுப்பியிருப்பாளோ?"

"கேட்டுப் பாப்பம்."

கேட்டது சிவாஜினியிடமல்ல. ஹோட்டல் இலக்கத்தைத் தானே அழுத்தினார். அங்கே காலை நேரம். ஒரு பெண் எடுத்தார். ஹோட்டலை நடத்துபவர் அவரே. ஆனந்தராஜா தன் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். ஆம், அது கல்லறைத் தோட்டம்தான் என்றார் அந்தப் பெண். மண்டபத்திலிருந்து நன்றாகத் தெரியும். ஊர்க்காரருக்கு அது பழகிவிட்டது, யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு அந்தப் பெண் கேட்டார்:

"நீங்கள் மணமகளின் அப்பாவா?"

யோகராணிக்கும் அது கேட்டது. ஆனந்தராஜா ஆம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

"இல்லை," என்றார். "அவள் என் மகனுடைய மனைவி. மகன் இறந்துவிட்டான்."

மகனைத் தெரியாத ஒருவரிடம் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல் முறை.

"மன்னியுங்கள்," என்றார் அந்தப் பெண். "இவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்காக அழைக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் மணமகளின் தரப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். சரிதானே?"

"சரி," என்றார் ஆனந்தராஜா. "மணமகளின் தரப்பு."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யோகராணி அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய் வெளியே காய்ந்த உடுப்புகளை எடுத்துவந்தாள். அவள் திரும்பி வந்தபோது அவர் பழைய பள்ளிக்கூடத்துக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். குசினியில் நாங்கள் சமைக்கலாமா, சுடுதண்ணி எப்போதும் வருமா, கீழ்த்தளத்தில் அறை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அன்று மாலையே சிவாஜினிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்கள். திரையில் மாமாவைக் கண்டதும் அவள் பதறிப்போனாள்.

"மாமா? மாமிக்கு என்ன?"

"ஒண்டுமில்லை பிள்ளை. மாமி பக்கத்திலதான் இருக்கிறா. நான் ஹோட்டல் விசயமா எடுத்தனான்."

சிவாஜினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தராஜா அவளை ஆற்றும் வகை தெரியாமல், ஹோட்டலைப் பற்றியே தொடர்ந்தார்.

"பள்ளிக்கூடத்தை எடும். படிகள் இல்லை. குசினி தருவினமாம். அந்த வெள்ளை வீடு வடிவுதான், ஆனால் வேண்டாம். ஜன்னலால பாத்தால் சுடலை."

"தெரியும் மாமா," என்றாள் சிவாஜினி மெதுவாக. "கேலமின்ர அப்பா அங்கதான் இருக்கிறார். அவர் பக்கத்தில நடக்கட்டும் எண்டுதான் கேலம் அதையும் சேர்த்தவர். கட்டாயமில்லை எண்டும் சொன்னவர்."

ஆனந்தராஜா யோசித்தார். முகம் தெரியாத அந்தத் தகப்பனுக்காக அவர் மனம் கொஞ்சம் இளகியது.

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. கலியாணத்தண்டு காலமை ரெண்டு பேருமாப் பூக்கொண்டு போய் அவரைக் கும்பிட்டிட்டு வாங்கோ. தகப்பனிட்டச் சொல்லாமல் செய்யக்கூடாது. ஆனால் கலியாணம் மற்ற இடத்தில நடக்கட்டும்." திரைக்குக் கிட்டக் குனிந்தார். "நீ சாவைப் பாத்தது காணும் பிள்ளை, போதும். அண்டைக்கெண்டாலும் ஜன்னலால வேற ஏதாவது பார்."

சிவாஜினி அழுதாள். யோகராணி திரைக்குள் தலையை நீட்டி, "அழாத. மாமா வாறார். அதைச் சொல்லத்தான் எடுத்தவர்," என்றாள்.

"மாமா," என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாள் சிவாஜினி. "கபிலன்ர படம் ஒண்டு… மேசையில ஒரு ஓரமா வைக்கட்டோ? கேலமுக்கு ஆட்சேபனை இல்லை. உங்களுக்குக் கவலை வரக்கூடாது எண்டுதான்."

யோகராணி கணவரைப் பார்த்தாள். இதற்கு என்ன சொல்வாரென்று அவளுக்கும் தெரியவில்லை.

"வேண்டாம்," என்றார் ஆனந்தராஜா. "அவன் எங்களோட இருக்கட்டும். அவனை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

செப்டெம்பரில் இருவரும் போனார்கள். காற்று அடித்ததால் படகு பிந்தி, அடுத்த நாள்தான் தீவில் இறங்க முடிந்தது. பள்ளிக்கூட ஹோட்டலின் குசினியில் யோகராணி கேலமின் தாயோடு நின்று வடைக்கு உழுந்து அரைத்தாள். அந்த அம்மா வெங்காயம் வெட்டினார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் விளங்கியது.

கலியாணத்தன்று காலையில் தூறல். ஆனந்தராஜா வேட்டிக்கு மேலே தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு உயரமான ஜன்னலருகே நின்றார். தூரத்தில் ஒரு சிறிய சிவப்புக் கார் புல்வெளியைச் சுற்றி வந்தது. கேலம் முதலில் இறங்கிக் குடையை விரித்தான். சிவாஜினி இறங்கினாள். இருவரின் சப்பாத்திலும் கல்லறைத் தோட்டத்துச் சேறு. ஏதோ சொல்லிச் சிரித்தபடி வாசலை நோக்கி ஓடி வந்தார்கள். அவள் இப்படிச் சிரித்து அவர் கண்டு பல வருடங்கள். நெஞ்சுக்குள் ஏதோ வலித்தது. அந்த வலியோடேயே அவளை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராணி," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "பிள்ளையள் வந்திட்டினம். கூறைச் சேலையை எடுத்துக்கொண்டு வாரும்."