உப்புச் சீட்டு

கஸ்தூரிரங்கன் புளியோதரை கிளறினால் அந்த மணத்துக்குக் கடலில் மீன்கள் கரைப்பக்கம் தலையைத் திருப்பிக்கொள்ளும் என்று அவர் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். மீன்கள் தரப்பிலிருந்து இதுவரை யாரும் மறுத்ததில்லை. மகாபலிபுரத்துக்குச் சற்று வடக்கே, உப்புக்காற்று பட்டுப் பட்டுக் கோபுரத்துப் பொம்மைகளுக்கெல்லாம் மூக்கு கரைந்துபோன ஒரு சின்னப் பெருமாள் கோயில். அதில் அவர் மடைப்பள்ளிக்காரர். அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகள் ருக்மிணி, பதினேழு வயசு, ஒரு வருஷமாகச் சாப்பிடவில்லை.

சாப்பிடவில்லை என்றால் அடியோடு இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு பருக்கையை எட்டாகக் கிள்ளி, ஏழை இலையோரம் ஒதுக்கிவிட்டு, எட்டாவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பாள். 1956 ஐப்பசியில் அப்பா அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தபோது பஸ் கண்டக்டர் அவருக்கு மட்டும் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து இடம் காலி என்று அங்கே ஒரு கூடையை வைக்கப்போனானாம். இதைச் சொல்லிவிட்டுக் கஸ்தூரிரங்கன் வார்டு வாசலில் நின்று அழுதார்.

"திருக்கழுக்குன்றத்துல கழுகுகூட வேளை தப்பாம வந்து சாப்பிட்டுட்டுப் போறது, நர்ஸம்மா. இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?"

நர்ஸ் சந்திரம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அவள் அச்சரப்பாக்கத்துப் பக்கம் பிறந்தவள். அவளுடைய அப்பா தேவசகாயம் ஊரான் வயலில் நாற்று நட்டுவிட்டுத் தன் வீட்டில் கஞ்சித்தண்ணீருக்குக் காத்திருந்தவர். நான்கு பிள்ளைகளும் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்தால், கழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் அந்தச் சட்டி எழுந்துபோகும். 'சோறு கீது, துண்ண மாட்டேன்னு ஒரு வியாதியா?' என்று முதல் நாள் அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கட்டிலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் மெத்தை அமுங்காததைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி உடனே ஒரு முடிவுக்கு வந்தது. ஐயங்கார் வீட்டுப் பெண், ஆஸ்பத்திரிச் சோறு தொடமாட்டாள், இது ஆசாரம். ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஒரு பிராமணச் சமையல்காரர் வந்தார். ருக்மிணி சாப்பிடவில்லை. தனி அடுப்பு வந்தது. சாப்பிடவில்லை. தனிக் குடம், தனிக் கிணறு, தனி விறகு வந்தன. கடைசியில் ஊசியை எந்தத் தண்ணீரில் கொதிக்கவைப்பது என்று கம்பவுண்டர் பயந்துபோய்க் கேட்டார். இரண்டு வாரத்தில் அந்தச் சமையல்காரர் மட்டும் நன்றாகத் தேறினார்.

"யார் பண்ணினாலும் நேக்கு ஒண்ணுதான்னு மொத நாளே சொன்னேனே" என்றாள் ருக்மிணி. சொன்னாள்தான். ஆசார ஏற்பாட்டில் எல்லோரும் மும்முரமாக இருந்ததால் யார் காதிலும் அது விழவில்லை.

டாக்டர் கோதண்டராமன் சீமையிலிருந்து தருவித்த தலையணை கனத்துப் புஸ்தகம் ஒன்றை மூன்று நாள் படித்துவிட்டு வந்து, வார்டு நடுவில் நின்று சொன்னார். "இது ஆசாரமும் இல்லை, அடமும் இல்லை, பேயும் இல்லை. மனசு சோத்தைப் பார்த்துப் பயப்படற வியாதி. ஏன் வருதுன்னு புஸ்தகம் எழுதினவருக்கே தெரியலை."

வைத்தியத்தையும் சொன்னார். முழு ஓய்வு. மோர், கஞ்சி என்று மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாகச் சாதம். வீட்டார் உள்ளே வந்து கெஞ்சக் கூடாது; அவர்கள் கெஞ்சக் கெஞ்சப் பயம் கூடுகிறது. வேளாவேளைக்கு ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார வேண்டும். திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, தட்டு காலியாகும்வரை எழுந்து போகவும் கூடாது. பிறகு எடை மிஷினின் வட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"நாலாவது சனிக்கிழமைக்குள்ள முள்ளு இதைத் தொடணும். தொடலைன்னா மெட்ராஸ் பெரியாஸ்பத்திரி. அங்கே மூக்கு வழியா ரப்பர்க் குழாய் போடுவாங்க."

வெளியே வந்ததும் சந்திரம்மாவிடம் மட்டும் குரலைத் தணித்தார். "குழாய்க்கு நான் பயப்படலை. இந்த இதயம் மெட்ராஸ் வரைக்கும் தாங்குமான்னுதான் பயம். நீங்கதான் உட்காரணும், சந்திரம்மா."

சந்திரம்மா உட்கார்ந்தாள்.

முதல் வாரம் தட்டுகள் ஒழுங்காகக் காலியாயின. முள் மட்டும் அசையவில்லை. சந்திரம்மாவுக்கு இது விளங்கவில்லை. விளங்கவைத்தது ஜன்னலுக்கு வரும் காகம். அது நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனது. ஒரு நாள் புங்கமரக் கிளை அதன் கனம் தாங்காமல் முறிந்தது. அதன்பிறகு பறப்பதையே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் பார்வையாளர் நேரத்தில் நடந்து வர ஆரம்பித்தது. வாட்ச்மேன் இரண்டு தடவை சீட்டு கேட்டதாகச் சொல்வார்கள்.

"இன்னா பாப்பா, டாக்டராண்ட சொல்லி இத்த மிஷின்ல ஏத்திடலாமா? கோட்டைத் தாண்டி நிக்கும்" என்றாள் சந்திரம்மா.

ருக்மிணிக்கு முகம் வெளுத்தது. "சொல்லிடுவேளா, சிஸ்டர்?"

"காக்காவ காட்டிக் குடுக்க மாட்டேன். நான் தண்ணி எடுக்கப் போற ஒரு நிமிசத்துல நடத்துறீங்களே ரெண்டு பேரும்! இனிமே தண்ணி மொதல்லயே கொணாந்து வச்சுக்குவேன், அவ்ளோதான்."

அந்தப் பெண் போர்வை ஓரத்தை முறுக்கினாள். "நான் வேணும்னு பண்ணலை, சிஸ்டர். உள்ளே ஒருத்தி உக்காந்துண்டு இருக்கா. வாய்கிட்டக் கொண்டுபோனாலே வேண்டாம், வேண்டாம்ங்கறா. கேக்கலைன்னா நாள் முழுக்கத் திட்டறா."

"யாராச்சும் வேணும்னு ஜுரத்த வரவச்சுக்குவாங்களா? ஒன்மேல தப்பு இல்ல" என்றாள் சந்திரம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, உள்ள குந்திகினு கீறாளே, அவளுக்கு இன்னா வயசு?" என்றாள்.

"தெரியலை. மாமி மாதிரி இருக்கா."

"மாமியா! மொதல்லயே சொல்ல வேணாமா?"

அன்று மத்தியானத்திலிருந்து இரண்டு தட்டு வந்தன. ஒன்று ருக்மிணிக்கு, ஒன்று வெறும் தட்டு, மாமிக்கு. சந்திரம்மா அந்த வெறும் தட்டைப் பார்த்துத்தான் பேசுவாள். "இன்னா மாமி, வாடகையும் இல்ல, வேலையும் இல்ல, ஓசில குந்திகினு அதிகாரம் வேறயா? இந்தப் பொண்ணு மோர் குடிக்கும். நீ அந்தாண்ட பாத்துகினு இரு!" பக்கத்துக் கட்டில் பொன்னியம்மாள் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவள், சிரிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாவம், அவள் பக்கவாட்டில் திரும்பித் தலையணையைக் கடித்துக்கொண்டாள். ருக்மிணிக்குச் சிரிப்பு வந்த ஒன்றிரண்டு நொடியில் அரை டம்ளர் மோர் இறங்கிவிடும். சில வேளை சிரிப்பு வராது, அழுகை வரும். கஞ்சி ஆறி ஆடை கட்டும். சந்திரம்மா எழுந்திருக்க மாட்டாள்.

முள் அசைந்தது. ஆனால் நத்தை வேகம். சனிக்கிழமைகள் ரயில் வேகம்.

வாசலில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. உள்ளே விடவில்லை என்பதற்காகக் கஸ்தூரிரங்கன் வராமல் இருக்கவில்லை. பெருமாளுக்கு அமுது செய்வித்ததும் தூக்கு வாளியில் பிரசாதத்தோடு பஸ் ஏறிவிடுவார். கேட்டுக்கு வெளியே நின்று வாளியைச் சந்திரம்மா கையில் கொடுத்துவிட்டு, பெண் சாப்பிட்டாளா என்று கேட்காமல் திரும்பிவிடுவார். கேட்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெண்ணின் தட்டுக்கு டாக்டர் கணக்குப்படிதான் சாதம். ஆகவே பிரசாதம் வார்டுக்கு.

மூடியைத் திறந்ததும் நெய் மணத்துக்கு, மூன்று நாளாக நினைவில்லாமல் கிடந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்து "என்ன விசேஷம்?" என்று கேட்டார். வார்டே கையை நீட்டியது. ஒரு வாய் போட்டதும் வார்டே தண்ணீர்ப் பானையைப் பார்த்து ஓடியது. அத்தனை உப்பு. மறுநாள் பொங்கலில் ஒரு கல் உப்புகூட இல்லை. அதற்கு மறுநாள் மறுபடியும் கடல்.

கடைசியில் ஒரு நாள் சந்திரம்மா கேட்டுக்குப் போய்ச் சுற்றிவளைக்காமல் கேட்டாள். "இன்னா சாமி இது? வாசனை சொர்க்கமா கீது. வாயில வச்சா சமுத்திரமா கீது. ஊர்ல யாரும் சொல்லலியா?"

கஸ்தூரிரங்கன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "பெருமாள் பிரசாதத்தை யாரும்மா குறை சொல்லுவா?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விஷஜுரம் வந்ததில் அவருக்கு நாக்கு மரத்துவிட்டது. உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. வேறு சமையல்காரனாக இருந்தால் வேலை போயிருக்கும். பெருமாளுக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது மடைப்பள்ளிச் சட்டம். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

"நாக்கு இருக்கா இல்லையான்னு யார் கேக்கப்போறா? நான் பொழைச்சேன். பிரசாதம் ஆத்துக்கு வந்ததும் ருக்மிணி ஒரு வாய் போட்டுண்டு சொல்லுவா, 'அப்பா, ஒரு கல்லு தூக்கல்'னு. மறுநாள் சரி பண்ணிப்பேன். அஞ்சு வயசுலேர்ந்து அவதான் என் நாக்கு. இந்த ஒரு வருஷமா சொல்ல ஆளில்லை. கை போனபடி போடறேன்."

அந்த ஒரு வருஷமும் ஊர்ஜனம் குறை சொல்லாமல், கண்ணில் நீர் வழியப் பிரசாதம் தின்றுகொண்டிருந்தது. அதைப் பக்தி முற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அவரும் உருகிப்போய்விட்டார்.

சந்திரம்மா வாளியோடு நேரே கட்டிலுக்கு வந்தாள். "பாப்பா, ஒங்க அப்பா கைல உப்பு தப்பிப்போச்சு."

ருக்மிணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அவள் அவ்வளவு வேகமாக எதுவும் செய்ததில்லை. "பொய்! ரெண்டு கல்லு முன்னே பின்னே இருக்கும். தப்பாது."

"பொன்னியம்மாவ கேளு."

"எங்க ஊரு உப்பளமே தேவல" என்றாள் பொன்னியம்மாள்.

ருக்மிணி வாளியைப் பார்த்தாள். கை பாதி தூரம் போய் நின்றது. மாமி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சந்திரம்மாவுக்குத் தெரிந்தது. வெறும் தட்டின் பக்கம் திரும்பினாள். "மாமி, ஒனக்கு நாயமா ஒண்ணு கேக்கறேன். சாப்பிடறது வேற, ருசி பாக்கறது வேற. இது ஆபீசு வேலை. இதுல நீ தலையிடலாமா?"

மாமிக்கு இதற்குச் சட்டம் தெரிந்திருக்கவில்லை போலும். அவள் யோசிக்கிற நேரத்துக்குள் ருக்மிணி ஒரு வாய் போட்டுக்கொண்டுவிட்டாள். மென்றாள். விழுங்கினாள். கண்ணில் நீர் வந்தது. உப்பினாலா, வேறு எதனாலா என்று சந்திரம்மா கேட்கவில்லை.

"ஐயையோ... ஒரு கைப்பிடி தூக்கல். பெருமாள் என்ன பாடு பட்டிருப்பார்! சிஸ்டர், பென்சில் இருக்கா?"

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள்: 'அப்பா, உப்பை ஒரு பிடி குறைக்கணும்.' வீட்டாரோடு எந்தத் தொடர்பும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சந்திரம்மா சீட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். தொப்பியைச் சோதிக்கச் சொல்லி உத்தரவில் இல்லை.

மறுநாளிலிருந்து டாக்டர் தட்டோடு ஆபீஸ் வேலையும் சேர்ந்துகொண்டது. மேல்பொங்கல் ஒரு மாதிரி, அடிப்பொங்கல் ஒரு மாதிரி இருக்குமே, ஒரு வாயில் எப்படித் தீர்ப்பு சொல்வது என்று சந்திரம்மா சந்தேகம் கிளப்பினாள். மேலே ஒரு வாய், நடுவில் ஒரு வாய், அடியில் ஒரு வாய் என்று ஆயிற்று. 'உப்பு சரி, மிளகு போதாது.' 'புளி பழசு.' சீட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. பிரசாதம் தேறியது. வார்டில் குணமானவர்கள் வீட்டுக்குப் போக மறுத்து, போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு முனக ஆரம்பித்தார்கள். மாமி அவ்வப்போது வந்து ஒரு வேளைச் சாதத்தைக் கெடுத்துவிட்டுப் போவாள். அடுத்த வேளை சந்திரம்மா மறுபடி தண்ணீரோடு வந்து உட்காருவாள்.

நாலாவது சனிக்கிழமை வந்தது. டாக்டர் மேஜைமேல் மெட்ராஸுக்கு எழுதிய கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கோடியில் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி கஸ்தூரிரங்கன் நின்றுகொண்டிருந்தார். ருக்மிணி மிஷினில் ஏறினாள். முள் புறப்பட்டது, ஊர்ந்தது, சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நின்றது. பொன்னியம்மாள் எழுந்து வந்து மிஷினை முறைத்துப் பார்த்தாள். அப்படியும் அசையவில்லை.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"சிஸ்டர்," என்றாள் ருக்மிணி, இறங்காமலே. "இன்னிக்கு வாளி வந்துடுத்தா?"

"வந்துச்சு."

"இன்னும் சீட்டு எழுதலையே. கொண்டாங்கோ."

சந்திரம்மா கீழே நின்று வாளியைத் திறந்து நீட்ட, மிஷின் மேல் நின்றபடியே கையை விட்டாள். புளியோதரை. மேலே ஒரு வாய், நடுவில் ஒரு வாய், அடியில் ஒரு வாய். அதோடு ஆபீஸ் வேலை முடிந்துவிட்டது. வாளியை மூடலாம் என்று சந்திரம்மா மூடியை எடுத்தாள். ருக்மிணி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது, யாரிடமோ எதையோ சொன்னது போலிருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, நாலாவது வாயை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஐந்தாவதையும். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவு அழுக்கான கண்ணாடியை அவர் அதற்கு முன்னாலும் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை. வாளி பாதியாகும்வரை துடைத்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டு பார்த்தபோது முள் கோட்டின் மேல் நின்றது; ருக்மிணி எழுதிக் கொடுத்த சீட்டு சந்திரம்மாவின் தொப்பிக்குள் போயிருந்தது.

"கோடு தொட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "இன்னும் மூணு மாசமாவது இங்கேதான் இருக்கணும், தெரியுதா? இது ஆரம்பம்தான். அப்புறம், சந்திரம்மா, அந்தத் தொப்பிக்குள்ள இருக்கிறதைச் சீக்கிரம் கொண்டுபோங்க. பெரியவர் வெயில்ல நிக்கறார்."

சீட்டில் இப்படி இருந்தது: 'உப்பு சரி. வெந்தயம் கொஞ்சம் கருகல். நாளைக்கு வாளி நிறைய வேணும், நான் சாப்பிட.'

கஸ்தூரிரங்கன் அதை மூன்று தடவை படித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெந்தயம் கருகியதற்காகப் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லியபடி, அழுதுகொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்.

காகம் அன்றைக்குச் சற்றுத் தாமதமாக வந்தது. மிச்சத்தை வார்டு தீர்த்துவிட்டிருந்த காலி வாளிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. சந்திரம்மாவை ஒரு பார்வை பார்த்தது. பிறகு வந்த வழியே, கேட்டைத் தாண்டி, ஏரிக்கரைப் பக்கமாக நடந்துபோயிற்று.