ஒரே கம்பியில் இரண்டு லைன்

"ரெண்டு லைன்னு சொல்லித்தானே ஆர்டர் குடுத்தோம்? ஒரு கம்பிதானே வந்திருக்கு. மத்தது எங்க தம்பி?" என்றார் ஜெயராசா முதலாளி.

அவருடைய பதுளைத் தேயிலை ஏஜென்சி அலுவலகத்துக்கு ஐ.எஸ்.டி.என். என்ற புதுவகைத் தொலைபேசி இணைப்பு கிடைத்து, ரவுட்டரைப் பொருத்த நான் போயிருந்தேன். பழைய தொலைபேசிக் கம்பியேதான். இப்போது அதற்குள் இரண்டு தடங்கள் ஓடுகின்றன என்று விளக்கினேன். கம்பி நுழையும் பின்னறையில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியிருந்தார்கள். ரவுட்டருக்கும் மேசைத் தொலைபேசிக்கும் அந்தப் பெட்டிதான் தடங்களைக் கொடுக்கிறது. அவர் தலையாட்டிவிட்டு, சன்னலுக்கு வெளியே இரண்டாவது கம்பியைத் தேடினார்.

காலையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. பிற்பகலானால் பல நாட்களில் செத்துப்போகும். ரவுட்டர் விளக்கு எரியும், லைன் இருக்காது. தொலைபேசியும் ஊமையாகிவிடும். லைன் போட்டவர்கள் காலையில் வந்து பார்த்து, பழுதே இல்லை என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது.

ஒரு நாள் பிற்பகல் நானே போய் உட்கார்ந்தேன். லுணுகலைத் தொழிற்சாலையின் தேயிலை விவரம் மாலைக்குள் கொழும்புக்குப் போகாவிட்டால் அந்த வார ஏலத்தில் சேராது. இந்தத் தடவையும் தவறினால் தொழிற்சாலைக்காரர் வேறு ஏஜெண்டைப் பார்ப்பார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி அனுப்பும் பொத்தானை அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

"லைன் இப்பதானே இருந்திச்சு?" என்றார்.

பின்னறைக்கு ஓடினேன். பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. தேநீர் போடும் ராசம்மா பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நீங்களா கழட்டுனீங்க?"

"இடி இடிக்குதுல்ல? கழட்டாம? கம்ப்யூட்டரத் தொடாதன்னு முதலாளி சொன்னாரு, தொடல."

"கரண்டக் கழட்டுனா போன் எப்பிடிப் போகும்?" என்று, பின்னாலேயே வந்த முதலாளி குழம்பினார். "பழைய போன் கரண்டு போனாலும் பேசுமே!"

"அதுக்குக் கரண்டு எக்ஸ்சேஞ்சுலருந்து கம்பி வழியா வந்திச்சுங்க. இந்தப் பெட்டிக்குச் சுவத்துக் கரண்டு வேணும். இது செத்தா ரெண்டு தடமும் செத்துரும்."

"விளக்கம் பொறகு சொல்லுங்க தம்பி. மாட்டுங்க!"

"சிலிப்பரப் போட்டுக்கிட்டுத் தொடுங்க," என்று ராசம்மா தன்னுடையதைக் கழற்றித் தள்ளினார். இரண்டும் இடது கால். எப்படியோ மாட்டிக்கொண்டு சொருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ரவுட்டர் கொழும்பை அழைத்தது. விவரம் போனது.

ராசம்மா பிளக்கை நோக்கிக் கை நீட்டினார். அப்போது தொலைபேசி அடித்தது. முதலாளி பாய்ந்து எடுத்தார். கொழும்பு ஏலக்காரர்கள்.

"ஆமாங்க, லுணுகலைதான்... மூணு தடவ வந்திருக்கா? மூணு பங்கு தேயிலையா? ஐயோ, இல்லீங்க! லைன் இல்லாதப்ப அழுத்துனதெல்லாம் சேந்து வந்திருச்சு. ஒண்ணுதான். ஒண்ணே ஒண்ணு. ஏலத்துல போட்டாச்சா?"

பின்னறையிலிருந்து ராசம்மா சத்தம் போட்டார்: "முதலாளி, மின்னுது! சுருக்கா பேசி வைங்க!"

"போட்டாச்சாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல!"

பதில் வந்தது. "ஒண்ணாவே போட்டாச்சா? நல்லதுங்க!" போனை வைத்தார். அவர் நாற்காலியில் சரிந்தார். "கழட்டு ராசம்மா," என்றார்.