ஒரே ஒரு தடவை வந்த பிழை

லோகப்பிரியா யாருக்கும் தொந்தரவு தரமாட்டாள். ஓட்டலில் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வரும் ரகம். கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுகிற வேலை. அங்கே இந்தக் குணத்துக்கு நல்ல பெயர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் விரும்பிச் செய்துவந்த இன்னொரு வேலைக்கு இந்தக் குணம் ஆகவே ஆகாது. அது அவளுக்கு உறைக்க, ஒரு பையனின் ஐந்து மாத உழைப்பு போகவேண்டியிருந்தது.

'கூடு' என்று ஒரு மென்பொருள். புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதியதையெல்லாம் நாள்வாரியாக, ஒரு பெட்டியில் போட்டதுபோலப் பத்திரப்படுத்தி வைக்கும். இன்று எழுதியது சொதப்பினால் நேற்று எழுதியதை எடுத்துக்கொள்ளலாம். இலவசம்தான். எங்கெங்கோ இருக்கும் பத்துப் பேர் சேர்ந்து செய்வது. புதுப் பதிப்பு வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்னால் அதைத் தன்னார்வலர்கள் கையில் கொடுத்து, எங்கே உடைகிறது பாருங்கள் என்பார்கள். கோயம்புத்தூரில் அப்படி ஏழு பேர். பீளமேட்டில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவார்கள். கூலி என்று ஒன்றும் கிடையாது. பதிப்போடு வரும் 'சோதித்தவர்கள்' பட்டியலில் பெயர் வரும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்காக மண்டையை உடைத்துக்கொள்வதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

ஆறு வருடமாக அந்தக் குழுவை நடத்திவந்தவர் ரிஃபத். கோட்டைமேட்டுக்காரர். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற மனிதர். ஏழு பேருக்கும் சேர்த்து அறிக்கை அனுப்புவது அவர் பொறுப்பு.

போன பதிப்பில், பழையதிலிருந்து புதியதற்கு மாறும்போது எல்லாம் ஒழுங்காக வந்துசேருகிறதா என்று கவனிப்பது லோகப்பிரியாவின் பங்கு. புதன்கிழமை சாயங்காலம் ஒரு தடவை மாற்றிப் பார்த்தாள். பெட்டி காலி. சேர்த்து வைத்த ஒன்றுகூட இல்லை. மறுபடி செய்தாள், எல்லாம் பத்திரமாக இருந்தது. முப்பது தடவை செய்தாள். முப்பதும் சரி. ரிஃபத்துக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்கண்ணா, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லும்மா. நாளைக்கு மத்தியானம் அறிக்கை போகணும், அதத்தான் எழுதிட்டிருக்கேன்."

"ஒரே ஒரு தடவை, சேத்து வெச்சது எல்லாம் காணாமப் போச்சுங்கண்ணா. மறுக்கா முப்பது தடவை பாத்துட்டேன், வரலீங்க. என்ற லேப்டாப் பழசுங்க. அதனாலகூட இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தைகளை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டாள். போனில் கேட்டுக்கொண்டிருந்த ரிஃபத்தின் கீபோர்டு சத்தம் நின்றது.

"லேப்டாப்னாலதான்னு நினைக்கிறியாம்மா?"

"அப்படித்தானுங்க இருக்கும்."

"அப்ப சரின்னு போட்டுரட்டுமா?"

"போட்டுருங்கண்ணா."

பதிப்பு வெளியான மூன்றாம் நாள் சபரீஷ் கூப்பிட்டான். முன்பு அவள் கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரன். வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரான பல்லடத்தில் உட்கார்ந்து கோழிப்பண்ணைகளுக்கு ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். கொட்டகையில் சூடு ஏறினால் பண்ணைக்காரர் போன் அலறும். ஒரு பெரிய பண்ணைக் கம்பெனி பதினைந்து கொட்டகையில் வைத்துப் பார்க்க ஒத்துக்கொண்டு நாளும் குறித்திருந்தது. அவனுடைய அப்பா அம்மாவிடம், வேலையை விட்டது தப்பில்லை என்று காட்ட அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"அக்கா, கூடு புதுசு வந்திருக்குதுங்க. மாத்திக்கலாங்களா? பட்டியல்ல உங்க பேரப் பாத்தனுங்க, அதான் தைரியமாக் கேக்கறேன்."

எதற்கும் ஒரு நகலைத் தனியாக எடுத்து வைத்துக்கொள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இல்லாத பயத்தைக் கிளப்புவானேன் என்று விழுங்கிவிட்டாள்.

"மாத்திக்கோ கண்ணு."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி அவன் போன். குரலே வரவில்லை. "அக்கா, எல்லாம் போச்சுங்க்கா. பெட்டி காலியா இருக்குது." இன்னொரு கம்ப்யூட்டரில் நகல் இருந்தது. ஆனால் எல்லா நகலையும் ஒன்றுபோல வைத்திருக்கும் கூடு அதையும் தேடிப்போய், இதைப்போலவே காலியாக்கி வைத்துவிட்டது. மிஞ்சியது ஐந்து மாதம் முன்னால், ஆடியில் பென் டிரைவில் போட்டு வைத்த அரைகுறைதான். குறித்த நாளுக்கு அவனால் கொடுக்க முடியவில்லை. பண்ணைக் கம்பெனி நல்லபடியாகப் பேசி, வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

சபரீஷ், கூடு பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் இணையக் குழுவில் ரிஃபத்தைப் போட்டுத் தாக்கினான். சரி பார்த்தேன் என்று அறிக்கை அனுப்பிய மனிதர் பதில் சொல்லட்டும் என்றான். பார்த்தவர்கள் ஆளுக்கொரு கல்லை எறிந்தார்கள். ரிஃபத் "பொறுப்பு என்னுடையது" என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தார். சபரீஷ் லோகப்பிரியாவிடம் தனியாகச் சொன்னான்: "நீங்க எத்தன கவனமாப் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியுங்க்கா. அந்தாளு கோட்டை விட்டுட்டாருங்க." ஒரு நல்ல மனிதர் என் பேரைச் சொல்லாமல் அடி வாங்குகிறார் என்று நினைத்து நினைத்து வெட்கத்தில் செத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரும் கூடினார்கள். சபரீஷும் சண்டைக்குத் தயாராக வந்திருந்தான். இனிமேல் இதை வேறு யாராவது நடத்தட்டும் என்று ரிஃபத் ஆரம்பித்தபோது லோகப்பிரியா எழுந்துவிட்டாள்.

"தப்பு என்ற மேலதானுங்க. எனக்கு ஒரு தடவை காலியா வந்துச்சு. லேப்டாப் கோளாறுன்னு நானே சொல்லி அண்ணன சரின்னு போட வெச்சேன்."

சபரீஷ் அவளை நம்பமுடியாமல் பார்த்தான். ரிஃபத் தலை குனிந்திருந்தார்.

"உக்காரும்மா," என்றார். "எனக்கும் வந்துச்சு. நீ போன் பண்றதுக்கு முந்தின நாள். ஒரே ஒரு தடவை. உன் லேப்டாப்னு நீயே சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. நம்மளால அத்தனை ஊருக்கும் பதிப்பு நின்னு போகுமேன்னு சங்கடப்பட்டுட்டு விட்டுட்டேன்."

ஜன்னலோரம் இருந்த கந்தப்பன் தொண்டையைச் செருமினார். லேத் பட்டறைகளுக்குப் புரோகிராம் போட்டுக்கொடுக்கிறவர், குழுவிலேயே மூத்தவர். "எனக்குங்கூட வந்துச்சுங்க. கரண்டு போயிட்டு வந்துச்சு, அதனாலயா இருக்கும்னு உட்டுப்போட்டேன்." அவர் முடிப்பதற்குள் கல்லூரிப் பெண் ஹர்ஷிணி அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் ஒரு தடவை வந்திருக்கிறது; பெரியவர்கள் எல்லோரும் சரி என்று போட்டிருக்கும்போது தான் மட்டும் எப்படி இல்லை என்பது என்று பேசாமல் இருந்துவிட்டாளாம்.

ஒருத்தரைக் கேள்வி கேட்க வந்த சபரீஷ் நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அவன் முகத்திலேயே நின்றது.

"அப்ப எனக்கு வந்தது அஞ்சாவது தடவைங்களா?" என்றான்.

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். லோகப்பிரியா பின்னாலேயே ஓடினாள். தெருவில் அவன் வண்டியை எடுப்பதற்குள் பிடித்துவிட்டாள்.

"சபரீஷ், என்னையத் திட்டிப்போடு கண்ணு. நாலு வார்த்தை கேட்டுப்போட்டாவது போ."

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. சொல்ல எவ்வளவோ இருந்தது அவனுக்கு. அது அவன் கண்ணிலேயே தெரிந்தது. நன்றாகத் திட்டப்போகிறான் என்று அவள் ஆசையோடு காத்திருந்தாள்.

"பரவாயில்லீங்க்கா," என்று சொல்லிவிட்டு அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.