ஆயிரம் ரொட்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு உயிரோடு இருப்பவர்களை ஏமாற்றுவது போதவில்லை, செத்தவர்களையும் ஏமாற்றுகிறார்கள். மேற்குக் கரை இடுகாட்டு மணல்மேட்டில் ஏறும்போது ஹேனு கிழவன் இதையேதான் முனகிக்கொண்டு ஏறினான். கண்ணை மூடியவர்களுக்கு ரொட்டியும் பார்லிக் கள்ளும் கொண்டுவந்து படைத்த காலம் போயிற்று. இப்போது கல்லில் ரொட்டியைச் செதுக்கிவிட்டு, பூசாரி ஒரு கை தண்ணீர் தெளித்து, "ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் கள்" என்று சொன்னால் போதுமாம். அந்தப் பக்கம் எல்லாம் நிஜமாகவே வந்து இறங்கிவிடுமாம். மகனை வாய்க்கால் வெட்டப் பிடித்துக்கொண்டு போனார்கள். போவதற்கு முன் அவன்தான் பூசாரி அங்கூவிடம் பேசி, செத்த அம்மாவுக்கு அந்த வார்த்தையைத் தினமும் சொல்ல ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். ஆற்றில் வெள்ளம் ஏறாத இரண்டாம் வருஷம் அது. காய்ந்த நிலத்துக்குக் காய்ந்த வார்த்தை. கணக்கு நேராயிற்று.

ஹேனு நம்பவில்லை. வார்த்தையை மென்று யார் வயிறு நிறைந்தது? பட்டினி கிடக்கும் பிணம் அந்தப் பக்கம் தலைகீழாக நடக்கும், மலத்தைத் தின்னும் என்பது சின்ன வயதிலேயே அவன் எலும்பில் ஏறிய பயம். பெண்டாட்டி நுபித்துக்கும் அதே பயம். கோரைத் தண்டை மென்று மென்று ஈறு வீங்கிப் படுத்திருந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்கயும் என்னைப் பட்டினி போட்டுடாதய்யா." அதனால் தன் பங்குக்கு வரும் தவிட்டு ரொட்டியில் பாதியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு வந்து, தினமும் அவள் கல்லறைமுன் கிடக்கும் படையல் கல்லில் வைப்பான். மறுநாள் வந்து பார்த்தால் கல் துடைத்த மாதிரி இருக்கும். நரி தின்றால் துணுக்குச் சிதறும். பறவை என்றால் எச்சம் கிடக்கும். இது அவளேதான். நாலு மாதமாக அந்த ஒரு நினைப்பில்தான் அவனுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ரொட்டியை வைத்துவிட்டுப் பாதி மேடு இறங்கியவன், கைத்தடியை விட்டுவிட்டோமே என்று திரும்பி ஏறினான். பாறைக்குப் பின்னாலிருந்து வந்து கல்முன் குந்தியிருந்தாள் மருமகள் செனெத். மடியில் பிள்ளை. வாயில் ரொட்டி.

அவள் பதறவில்லை. விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"அத்தை தின்னு முடிக்கட்டும்னு காத்திருந்துதான் மாமா எடுத்தேன்."

"திருட்டுக் கழுதை."

"கோயில்ல சாமி தின்ன மிச்சத்தப் பூசாரிங்க மூட்டை கட்டிக்கிட்டுப் போறாங்களே, அவங்களுக்கு என்ன பேரு?"

"எத்தன நாளா?"

"மொத நாள்லேருந்து." அவள் குரல் கல் மாதிரி இருந்தது. "வீட்டுல கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா? ஒரு நாளாவது இவன் வாயப் பாத்தீங்களா?"

பார்த்தான். பிள்ளை அழவில்லை. அழுவது எப்படி என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. முலையைக் கவ்வியிருந்தது, உறிஞ்சவில்லை. இமைமேல் ஈ உட்கார்ந்திருந்தது.

"ரொட்டி தின்னா பால் ஊறும்னு சொன்னாங்க. தின்னும் ஊறல மாமா."

அப்படியானால் அந்த ரொட்டி நுபித்துக்கும் போகவில்லை, பிள்ளைக்கும் போகவில்லை. நாலு மாதமாக அவள் அங்கே தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறாள்.

தண்ணீர்க் குடமும் துடைப்பமுமாக அங்கூ வந்து சேர்ந்தான்.

"என்ன பெரியவரே, இன்னைக்குக் குடும்பத்தோட விருந்தா?"

"உன் வார்த்தைய இந்தப் பிள்ளைக்குச் சொல்லுடா. ஆயிரம் குடம் பால். சொல்லு."

அங்கூ பிள்ளையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "மூச்சு இருக்கிறவங்களுக்கு அது பலிக்காது."

"ஓகோ. வயிறு நெறையணும்னா சாகணும். நல்ல ஏற்பாடுதான்."

"எனக்கென்ன தெரியும்? சொல்லச் சொன்னாங்க, சொல்றேன்." குடத்தை இறக்கிவைத்தபோது அவன் விலா எலும்பும் தெரிந்தது. "என் கையில வேற என்ன இருக்கு?"

செனெத் கையிலிருந்த மிச்சத் துண்டைக் கல்லில் திரும்ப வைக்கப் போனாள். ஹேனு அவள் விரல்களைப் பிடித்து அதன்மேலேயே மூடினான்.

"தின்னு. நாளையிலேருந்து முழுசா தின்னு. ஊறினா ஊறட்டும்."

பிறகு கல்லின்முன் நின்றான். செதுக்கிய ரொட்டியின் மேல் மணல் படிந்திருந்தது.

"ஆயிரம் ரொட்டி, நுபித்து," என்றான். "இனிமே இதான்."

ஒன்றும் நடக்கவில்லை. அங்கூ தண்ணீர் தெளித்தான். மணல் குடித்துவிட்டது. வழக்கப்படி பின்வாங்கி நடந்தபடியே அங்கிருந்த காலடித் தடங்களைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டு வந்தான்.

"என் தடத்த விட்டுரு."

"அழிக்கலேன்னா செத்தவங்க பின்னாலயே வீட்டுக்கு வந்துருவாங்க பெரியவரே."

"வரட்டுமே. பசிச்சா அவ வேற எங்க போவா?"

"வந்தா குடுக்க என்ன இருக்கு?"

ஹேனு திரும்பி நடந்தான். கைத்தடியை இந்தத் தடவையும் மறந்தான். "ஆயிரமாம், ஆயிரம்," என்று காறித் துப்பிவிட்டு, தடம் ஆழமாக விழும்படி மணலில் காலை ஊன்றி ஊன்றி அழுத்திக்கொண்டே மேட்டை விட்டு இறங்கினான்.