விரல் நிற்காத ரவுட்டர்

நாலு மணிக்கு அக்காவுக்கு வகுப்பு. கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஒன்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளோ ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எட்டு வருஷம் ஆயத்த ஆடை ஆலையில் பட்டன் தைத்துக்கொண்டே, சைகை மொழி ஆசிரியைக்குப் படித்துப் பாஸ் செய்தவள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்று வீடியோவில் பாடம் நடத்த ஆள் தேடியது. நேற்று சோதனை வகுப்பு. எங்கள் வீட்டு ரவுட்டர் அப்போது பார்த்துத் தன் புத்தியைக் காட்டிவிட்டது. குரல் விட்டு விட்டுக் கேட்டால் ஊகித்துக்கொள்ளலாம். விரல் பாதியில் நின்றால் வார்த்தையே போச்சு. அக்கா சொன்ன யானை குளிக்கும் கதையில் யானை கடைசிவரை குளத்துக்குள் இறங்கவே இல்லை. 'நாளை நாலு மணிக்கு இன்னொரு முறை பார்ப்போம், அதுதான் கடைசி' என்று தலைமையாசிரியை எழுதி அனுப்பினார். ரவுட்டரைக் காலால் மிதித்திருப்பேன். அம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

கடைக்காரர் எட்டு ஆண்டெனா வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மல்லாக்க விழுந்த நண்டு போல இருந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"இதை எடுத்துக்கங்க மேடம். வேகம்னா அப்படி ஒரு வேகம்."

"வேகம் இருக்கட்டும். நடுவுல நிக்காம இருக்குமா?" அக்கா கையால் கேட்டதை நான் வாயால் கேட்டேன்.

"நிக்கவே நிக்காது. நான் கேரண்டி."

வாய் கேரண்டி வேண்டாம், மாட்டிக் காட்டச் சொல் என்று அக்கா கையால் சொன்னாள். வீட்டில் லைன் வருவது முன்னறைக்கு. அவள் பாடம் நடத்துவது இரண்டு சுவர் தாண்டிய பின்னறையில். அதனால் இங்கேயும் இரண்டு சுவருக்கு அப்பால், சரக்கறைக்குள் போனோடு போய் நின்றுகொண்டாள். நான் கல்லாவருகே நின்று என் போனில் வீடியோ கால் போட்டு அவளைப் பார்த்தேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நண்டை மாட்டினார்.

அக்காவின் கை பேச ஆரம்பித்தது.

"என்ன சொல்றாங்க?" என்று அவர் எட்டிப் பார்த்தார்.

"உங்களைத்தான் பாராட்டுறா," என்றேன். புளுகு மூட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

சட்டென்று உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் வீட்டுச் சைகையில் அது 'போதும்'. இதுவே போதும் என்கிறாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பில் போடுங்க," என்றேன்.

பில் பாதி வெளியே வந்துவிட்டது. அக்கா தூக்கிய கையை இறக்கவே இல்லை. ஒரு மனுஷி எத்தனை நேரம் போதும் என்று சொல்வாள்? கண்கூட இமைக்காமல் நிற்கிறாளே என்று நான் யோசிப்பதற்குள், சரக்கறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா நேரில் வந்து நின்றாள். போனுக்குள் இருந்தவள் இன்னும் கையைத் தூக்கியபடியே இருந்தாள். அவள் சொல்ல வந்தது 'வேண்டாம்'. தூக்கிய கையை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஆட்டுவதற்குள் படம் நின்றுவிட்டது.

"எங்க லைன்ல ஏதோ கோளாறு மேடம்," என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றேன் நான், அவர் காதில் நன்றாக விழும்படி.

அந்த லைனிலேயே இன்னும் இரண்டை மாட்டிப் பார்த்தோம். அவையும் திக்கின. நாலாவது, சோப்பு டப்பா போல ஒரு வெள்ளைப் பெட்டி. ஆண்டெனா இரண்டே இரண்டு.

"இது பார்க்க நல்லா இருக்காதே," என்று இழுத்தார் கடைக்காரர்.

"அழகு சோறு போடுமா? மாட்டுங்க."

சரக்கறையிலிருந்து அக்கா யானைக் கதையைத் தொடங்கினாள். யானை குளத்தில் இறங்கியது. தண்ணீரை உறிஞ்சியது. கரையில் நின்ற கடைக்காரர் மேல் பீய்ச்சியது. பத்து நிமிஷம், ஒரு விரல்கூட நிற்கவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

நாலு மணிக்கு வகுப்பு தொடங்கியது. வீட்டில் யாரும் போனைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, நான் பின்னறை வாசலில் காவல் நின்றேன். அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. திடீரென்று கணினித் திரை முழுக்க நடுங்கியது. முன்னறைக்கு ஓடினேன். ரவுட்டரில் விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. திரும்ப ஓடிவந்து அக்காவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

படம் நடுங்கவில்லை. ஒன்பது பிள்ளைகள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்; பயத்தில் மறந்துபோனது.

தலைமையாசிரியை முன்னால் வந்து, சைகையில் ஏதோ சொன்னார். தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. அக்காவும் பார்த்தாள். ஆனாலும் என் பக்கம் திரும்பி, அவங்க என்ன சொன்னாங்க என்று கையால் கேட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்றாங்க என்று கையால் சொன்னேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.