நின்றுபோன அருவி

சங்கரேஸ்வரி பிறவியிலேயே பார்வை இல்லாதவள். திருவேங்கடத்துக் கரிசல்காட்டில் பிறந்து, பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, தென்காசியில் ஒரு வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தவள். தங்கியிருந்த அறைக்கும் வங்கிக்கும் இடையே வெள்ளைக் கோலைத் தட்டியபடி தனியாகவே போய் வந்தவள். அந்த வங்கிக்கு வந்துபோன உரக்கடைக்காரன் இசக்கிராஜா அவளை விரும்பி மணந்துகொண்டான். அவனுக்குப் பார்வை உண்டு. திருமணம் முடிந்து சில வாரங்களில் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது.

பேரருவியில் நிற்க வேண்டும் என்பதுதான் அவள் கணவனிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் விருப்பம். பள்ளிக் காலத்தில் ஒருமுறை எல்லா மாணவிகளையும் அங்கே சுற்றுலா அழைத்து வந்திருந்தார்கள். பாறை வழுக்கும் என்று சொல்லி, பார்வையற்ற பிள்ளைகளை மட்டும் வேனைவிட்டு இறக்கவில்லை. சங்கரேஸ்வரியும் அவள் தோழி ஷஹானாவும் சன்னலோரம் அமர்ந்து, கையில் கொடுத்த நேந்திரங்காய் சிப்ஸைத் தின்றபடி, அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டார்கள். மற்றவர்கள் ஈரத் தலையோடு வந்து ஏறியபோது இருக்கைகளெல்லாம் நனைந்தன. அந்த ஈரம்தான் அன்று அவளுக்குக் கிடைத்த குற்றாலம்.

ஆகவே, புதன்கிழமை காலையில் கார் நின்று, "பேரருவி வந்தாச்சு, இறங்கு" என்று இசக்கிராஜா சொன்னவுடன், அவள் முதலில் கைப்பேசியை எடுத்து ஷஹானாவுக்குக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினாள்.

"ஏட்டி ஷஹானா, வேனை விட்டு இறங்கிட்டேன்!"

மாமியார் முப்பிடாதியம்மாளும், கணவனின் அக்காள் ஆனந்தவள்ளியும் உடன் வந்திருந்தார்கள். ஆனந்தவள்ளி சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஏன் பாதியில் நின்றது என்று சங்கரேஸ்வரி அப்போது யோசிக்கவில்லை.

"என்னங்க, கூட்டத்தையே காணுமே?"

"எங்க மாமா இன்ஸ்பெக்டர்லா. நமக்காகக் கொஞ்ச நேரம் ஆள விடாம நிறுத்தி வச்சிருக்காவ."

"சத்தமும் கம்மியா இருக்கு."

"தண்ணி அளவா விழுது. அதான் ஒனக்கு நல்லது."

"பொம்பளைங்க பக்கம் நீங்க வரலாமா?"

"இன்னைக்கு வரலாம். கேள்வி கேட்டே சாரல முடிச்சிருவ போலிருக்கே!"

அவள் சிரித்துக்கொண்டே அவன் முழங்கையைப் பற்றி நடந்தாள். காலின் கீழே சதுரமான ஓடுகளும் அவற்றின் இடைக்கோடுகளும் தட்டுப்பட்டன. யாரும் வழுக்கி விழாமலிருக்க அரசாங்கம் ஓடு பதித்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். தண்ணீரில் பிளீச்சிங் பவுடரின் வாடை அடித்தது. இத்தனை பேர் குளிக்கும் இடத்தில் மருந்து போடுவார்கள்தாம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டாள். கணவனின் சொல் ஒரு பக்கமும் தன் கால், மூக்கு, காது ஆகிய மூன்றும் இன்னொரு பக்கமுமாக நின்றபோது, அவள் கணவனின் சொல்லை நம்பினாள்.

தண்ணீர் தலையில் விழுந்தது. தோள்பட்டையை அடித்தது. அவள் கூச்சலிட்டாள். வேனுக்குள் அமர்ந்திருந்த அந்தச் சிறுமி கூச்சலிட மறந்ததையும் சேர்த்து இப்போது கூச்சலிட்டாள். "போதும்ட்டி, தொண்ட கட்டிரும்" என்று மாமியார் ஓரத்திலிருந்து சொன்னது இனிமையாக இருந்தது.

அப்போது அருவி நின்றது.

முதலில் கனம் குறைந்தது. அடுத்து நூலாக ஒழுகியது. பிறகு சொட்டுகள். பிறகு ஒன்றுமில்லை. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தேடினாள். காற்றுத்தான் இருந்தது. மலை இடிந்துவிட்டதோ என்று உண்மையாகவே பயந்தாள்.

"என்னங்க! அருவிக்கு என்ன ஆச்சு?"

பதில் வேறொரு பக்கத்திலிருந்து, உரத்த குரலில் வந்தது.

"அண்ணாச்சி, கரண்ட் போயிட்டு! அப்படியே நில்லுங்க, ஜெனரேட்டர் போடப் போயிருக்காவ. அஞ்சு நிமிசத்துல அருவி வந்துரும்!"

தண்ணீர் நின்றுபோன அந்த அமைதியில்தான், வெகு தொலைவில், பழைய சன்னலோரத்தில் கேட்ட அந்தச் சத்தம், நின்றுபோகாத சத்தம், அவளுக்குக் கேட்டது.

"இது எந்த இடம்?" என்றாள்.

"சங்கரி, நான் சொல்லுதத கேளு..."

"எந்த இடம்னு கேட்டேன்."

"லாட்ஜு," என்றான் இசக்கிராஜா. "புதுசா கட்டியிருக்காவ. கூட்டாளியோடதுதான். செயற்கை அருவி. அங்கன பாறை பூரா பாசி. நீ விழுந்துட்டா நான் என்ன செய்வேன்? பொம்பளைங்க பக்கம் என்னால வரவும் முடியாது."

"பயமா இருக்கு, கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே. சண்ட போட்டிருப்பேன், அவ்வளவுதானே?"

ஆனந்தவள்ளி குறுக்கிட்டாள். "இதுல என்னம்மா இருக்கு? அதுவும் தண்ணி, இதுவும் தண்ணி. எங்கள மாதிரி மலையப் பாக்கணும், பாறையப் பாக்கணும்னா சரி. ஒனக்கு எங்கன நின்னா என்ன?"

அந்த வாக்கியத்தில் கேலி இல்லை, வெறுப்பும் இல்லை. அது நல்லெண்ணத்தோடு, கணக்கு சரியாக வந்துவிட்டது என்ற நிம்மதியோடு சொல்லப்பட்டது. அதுதான் அவளை உலுக்கியது. அப்போதே கைப்பை கிடந்த இருக்கையிலிருந்து கைப்பேசி, வந்த செய்தியை, அவள் வைத்திருந்த ஏற்பாட்டின்படி உரக்கப் படித்தது.

"ஷஹானா. எனக்கும் சேத்து நில்லுட்டி. தண்ணி எப்படி இருக்குன்னு சொல்லு."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்கு வேறொன்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம் என்று அடுத்த கணமே நினைத்தாள். ஆனால் கேட்டுவிட்டாள்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு ஷஹானாவும் விடுதிப் பிள்ளைங்களும் மேடைக்கு முன்னால உக்காந்திருக்காங்கன்னு என் காதுல சொன்னீங்க. எங்க உக்காந்திருந்தாங்க?"

முப்பிடாதியம்மாள்தான் பேசினாள். "பந்தி நடக்குத எடத்துக்குப் பக்கத்துல, தாயி. நல்ல எடம்தான். ஃபேன் கூட இருந்துச்சு. முன்னால வீடியோக்காரன் நிக்கான், சொந்தக்காரங்க வாராவ, போறாவ... வரிசையா கண்ணு தெரியாத பிள்ளைக இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாவ."

"அவங்ககிட்ட என்ன சொல்லி உக்கார வச்சீங்க?"

"முன்வரிசைன்னுதான்," என்றாள் ஆனந்தவள்ளி. இப்போது அவள் குரல் தாழ்ந்திருந்தது.

ஷஹானா ஊர் திரும்பிய பிறகு சொன்னது சங்கரேஸ்வரிக்கு நினைவு வந்தது: 'எங்கள முன்வரிசையில உக்கார வச்சாங்கட்டி. ஒன் வீட்டுக்காரர் தங்கமான மனுசன்.' இருவரும் ஒருவருக்கொருவர் அந்தப் பொய்யைச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள்.

எங்கோ ஜெனரேட்டர் உறுமியது. அருவி மீண்டும் விழத் தொடங்கியது. அவள் அதிலிருந்து விலகி, சுவரைத் தடவி, தன் கோலைத் தானே தேடி எடுத்து விரித்தாள்.

"பேரருவிக்குப் போகணும். நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, ஆட்டோ பிடிக்கட்டுமா?"

இசக்கிராஜா காரை எடுத்தான். கார் நிற்பதற்கு முன்பே, இதுதான் பேரருவி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியை இறக்கியதும் சாரல் முகத்தில் அடித்தது. மிளகாய் பஜ்ஜியும் தலையில் தேய்க்கும் எண்ணெயும் கலந்த வாடை வந்தது. காவலர்களின் விசில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்து வழியில் ஒரு பெண் காவலர் அவள் கோலைக் கண்டு தடுத்தார்.

"வழுக்கும்மா. கண்ணு தெரியாதவங்க வேண்டாம்."

"எல்லாருக்கும் வழுக்குதுதானே மேடம்? மத்தவங்க கம்பியப் பிடிச்சுத்தானே நிக்காங்க? கம்பி எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

காவலர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவள் கையைக் கொண்டுபோய்க் கம்பியில் வைத்தார்.

ஆனந்தவள்ளி அவளுடைய மறு கையைப் பற்றியபடி பின்னால் வந்தாள். பாறை சொரசொரப்பாகவும் பாசியாகவும் மாறி மாறி வந்தது. தண்ணீர் தலையில் விழவில்லை, அடித்தது. மூச்சை நிறுத்தியது. சங்கரேஸ்வரி கூச்சலிடவில்லை. பக்கத்தில் தோளை இடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க எந்த ஊரு?"

"புளியங்குடி. ஹைருன் பீவின்னு பேரு. ஏம்மா?"

"இது எந்த அருவி?"

"என்ன புள்ள இப்படிக் கேக்க! பேரருவிதான். மூச்சுத் திணறுதுல்லா, இன்னும் என்ன சந்தேகம்?"

சந்தேகம் எதுவும் இல்லை. கால் சொன்னது, காது சொன்னது, மூக்கு சொன்னது. இருந்தும் கேட்டாள். கேட்டது ஆனந்தவள்ளியின் காதில் விழுந்தது. அவள் சங்கரேஸ்வரியின் கையைப் பற்றியிருந்த பிடியைத் தளர்த்தினாள். என்ன செய்வதென்று தெரியாமல் மீண்டும் பற்றினாள்.

வெளியே வந்தபோது இசக்கிராஜா துண்டோடு காத்திருந்தான். இதுநாள் வரை, தெருவில் எவராவது உற்றுப் பார்க்கிறார்களா என்று அவள் கேட்ட போதெல்லாம் 'ஒருத்தரும் பாக்கல' என்றே சொல்லிவந்தவன். இப்போது, கேட்காமலேயே பேசினான்.

"பொட்டு கரைஞ்சு மூக்கு வரைக்கும் செவப்பா வழிஞ்சிருக்கு. எல்லாரும் ஒன்னத்தான் பாக்காவ. ரெண்டு பேரு சிரிக்காவ."

சங்கரேஸ்வரி அசையாமல் நின்றாள். பின்னால் தலை துவட்டியபடி பேசிக்கொண்டிருந்த ஹைருன் பீவியின் குரலை நோக்கித் திரும்பினாள்.

"அக்கா, அப்படியா?"

"ஆமாம்மா," என்றாள் ஹைருன் பீவி. "வழிஞ்சுதான் கெடக்கு. தொடச்சுக்கோ."

அவள் துடைத்துக்கொண்டாள். அவன் வழக்கம்போல் முழங்கையை நீட்டினான். அது அவள் கையில் உரசியது. அவள் அதைப் பற்றவில்லை. கோலைத் தரையில் ஊன்றினாள்.

"முன்னால நடங்க. பேசிக்கிட்டே நடங்க. நான் சத்தத்த வச்சு வாரேன்."